கச்சான் பெட்டி, மாரிப் பெட்டி

அலுமாரிக்குள் பன்னிரண்டு ஹாங்கர்.
அதற்கு மேல் இல்லையென்று
இந்த வாடகை வீட்டுக்கு வந்த அன்றே
எனக்கு நானே சொல்லிவிட்டேன்.
மிச்ச உடுப்பெல்லாம் கட்டிலுக்குக் கீழே
இரண்டு சூட்கேசில்.
ஒன்றின் மூடியில் மார்க்கரால் எழுதினேன்: கச்சான்.
மற்றதில்: மாரி.

"கச்சான் வறுத்து விக்கப் போறியா?"
பக்கத்து அறை ஃபஸ்மினா கேட்டாள்.

வைகாசி பிறக்க
மேற்கிலிருந்து சுடுகாற்று இறங்கும்.
உப்புவெளியில் பகலில்
கேற்றின் கொளுக்கியைத் தொட முடியாது.
அப்போது வெளியே வரும்
வெள்ளைப் பருத்தி இரண்டு,
கை வைக்காத நீலம்,
முழங்காலில் வெளிறிய லினன் காற்சட்டை.
ஐப்பசியில் அவை உள்ளே போக
கெதியாய்க் காயும் கறுப்புப் பாவாடையும்
மழைக்கோட்டும் மேலே ஏறும்.
ஐந்து வருடம் இப்படித்தான்,
கலண்டர்த் தாள் கிழிப்பதுபோல.

இந்த வருடம் ஆனி நடுவில்
சீனக்குடாப் பக்கம் கறுத்து
மூன்று நாள் விடாமல் ஊற்றியது.
கார்த்திகையிலோ
கொடியில் போட்ட துவாய்
அப்பளமாய் நின்றது.
திறந்து, மூடி, மாற்றி, திரும்ப மாற்றி
மாரியின் பூட்டு என் கையோடு வந்தது.
உடம்பும் சொல்லாமல் மாறியிருந்தது.
போன வருடத்து நீலத்துக்குள்
இன்னொருத்தி நிற்க இடமிருந்தது.

தொழிலைச் சொல்லவில்லை.
கடன் அறவிடும் உத்தியோகத்தர்.
ஸ்கூட்டியில் போய்த் தவணை கேட்பவள்.
மழைக்கோட் மஞ்சள்,
மாம்பழ மஞ்சள் இல்லை,
வீதி கிண்டுபவர்கள் மாட்டும் மஞ்சள்.
கழிவு விலையில் கிடைத்தது.
சல்லியில் நான் ஒழுங்கைக்குள் திரும்ப முதலே
"மஞ்சள் வருகுது!" என்று
ஒரு பொடியன் சைக்கிளில் முந்திப் பறப்பான்.
பிறகு எந்த வீட்டிலும் ஆளில்லை.
நாய் மட்டும் நிற்கும்,
அதன் பெயரில் கடன் இல்லை.

அந்தக் கார்த்திகை வெயிலில்
நீலத்தோடு போனேன்.
சுகிர்தமலரின் கதவு திறந்தே இருந்தது.
நாலு தவணை பாக்கி.
கதிரை தந்து, பிளேன்டீ தந்து,
"என்ன தைக்கோணும் பிள்ளை?" என்றாள்.
சொன்னேன்.
மெஷினின் சில்லு இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.
"நீங்கள் நீலத்திலயும் வருவீங்களோ?"

கொஞ்ச நேரம்
கடல் மட்டும் கேட்டது.
பிறகு எழும்பி என் தோளில் இரண்டு ஊசி குத்தினாள்.
"பக்கத்தில அரை அங்குலம் பிடிச்சா இருக்கும்.
இப்பிடியே போடாதேங்கோ,
கொடியில காயிற மாதிரிக் கிடக்கு."
அவளுடைய சோட்டியைப் போட்டுக்கொண்டு
காத்திருந்தேன்,
நாங்கள் கொடுத்த காசில் வாங்கிய மெஷின்
எங்கள் ஆளுக்கே தைத்து முடியும்வரை.
முந்நூற்றைம்பது கொடுத்தேன்.
எண்ணினாள்.
எண்ணி, அப்படியே என்னிடம் நீட்டினாள்:
"தவணையில கழியுங்கோ."
ரசீது எழுதினேன்.

திரும்பி வர, நகரசபைக்குக் கிட்ட
வெயிலோடு மழை.
கோட் எங்கோ சூட்கேசில்.
மான்கள் வீதியோரம் அசையாமல் நின்றன,
பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே உடுப்போடு,
புள்ளி போட்டது.
எனக்கு அப்படி முடியாது,
பொறாமையும் இல்லை.
தைத்த இடம் நனைந்து
விலாவில் இறுக்கமாய் ஒட்டியது.
அது பிடித்திருந்தது.

இப்போது ஒரே சூட்கேஸ்.
மூடியில் எழுதியதைத் தின்னர் போட்டுத் துடைத்தும்
'கச்' மட்டும் போகவில்லை.
ஹாங்கர் பதின்மூன்று ஆகிவிட்டது,
யாரிடமும் சொல்லவில்லை.
மழைக்கோட்டை ஃபஸ்மினாவுக்குக் கொடுத்தேன்.
மருந்துக்கடை வேலைக்கு அது போதும்.

நேற்றுப் பின்னேரம்
சல்லியில் மாமி வீட்டுக்குப் போய்வந்தவள்
நனைந்த குடையை உதறாமலே கேட்டாள்:
"அந்த ஊர்ச் சனத்துக்கு
நான் என்ன செஞ்சன்?"